ஏழு பாலைவனங்களுக்கு ஒரே மணல்: எண்ணூரில் ஒரு வியாழக்கிழமை

அன்று நான் சொல்லாமல் விட்டது ஒன்றுதான்: நான் பாத்திரம் விற்பவள் இல்லை. எண்ணூரில் ஒரு தெருவில், காலை பத்தே காலிலிருந்து பிற்பகல் இரண்டு மணிவரை, ஐந்தாறு பெண்கள் என்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். திருத்திச் சொல்ல எனக்கு நான்கு சந்தர்ப்பங்கள் கிடைத்தன. நான்கும் நன்றாக நினைவிருக்கின்றன.

வடசென்னைக் கடலோரம் ஒருநாள் போய்வர நினைப்பவர்களுக்கும், பழைய துணியை வைத்து வேலை செய்பவர்களுக்கும் இந்தப் பதிவு பயன்படலாம். வண்டி நேரம், செலவு எல்லாம் இருக்கிறது. நடுவில் என் கதையும் கொஞ்சம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் துணியில் படம் செய்கிறவள். மேலே ஒட்டுத்துணிகள், நடுவில் மெல்லிய பஞ்சு, கீழே ஓர் அடித்துணி, மூன்றையும் சேர்த்துப் பிடித்துக் கையால் தையல். போர்வை போலத்தான் இருக்கும், ஆனால் யாரும் போர்த்திக்கொள்வதில்லை. சுவரில் தொங்கும். குவில்ட் என்றே சொல்லிப் பழகிவிட்டது. எட்டு மாதமாகப் பாலைவனத்தை வைத்து ஏழு குவில்ட் செய்தேன். ஒவ்வொன்றும் மூன்றடி அகலம், நான்கடி உயரம். மணல்மேடு, முள்மரத்தின் நிழல், கிணறு, உப்புத்தரை, காற்று, நடந்துபோன ஒருவரின் காலடிகள், கடைசியாக நிலவொளி.

நான் பாலைவனத்தைப் பார்த்ததில்லை. டிசம்பரில் ஜோத்பூருக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருந்தேன். இரண்டையும் ரத்து செய்தேன். காரணம் இங்கே வேண்டாம். ஒன்றை மட்டும் ரத்து செய்திருக்கலாமே என்று ஒரு வாரம் கழித்துத்தான் தோன்றியது.

பொங்கலுக்கு அடுத்த வாரம், காட்சிக்கூடத்தின் பொறுப்பாளர் முன்னால் ஏழையும் தரையில் வரிசையாக விரித்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு முறை சுற்றி நடந்தார். "ஏழு பாலைவனம் இருக்கும்மா. எனக்கு ஒண்ணு போதும்" என்றார். வேலைப்பாட்டில் குறையில்லை, ஆனால் ஒன்றுக்கொன்று பேசவில்லை என்றார். இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வதாகவும் மற்ற ஐந்தை வேறு எங்காவது காட்டிக்கொள்ளும்படியும் சொன்னார். நான் மூன்று வாரம் அவகாசம் கேட்டேன். ஏழும் ஒன்றாகத் தெரிந்தால் ஏழும் சுவருக்கு வரும், இல்லையென்றால் இரண்டு. அப்படித்தான் பேச்சு முடிந்தது.

அவர் சொன்னது சரிதான். என் மணல் ஏழு நிறத்தில் இருந்தது. டீத்தூள், கடுக்காய், வெங்காயத்தோல் என்று நானே சாயம் காய்ச்சினேன். எல்லாவற்றையும் கிராம் கணக்கில் எடைபோட்டு நோட்டில் எழுதினேன். ஆனாலும் ஒரு முறை வந்த நிறம் மறுமுறை வரவில்லை. என் குடியிருப்பில் சில நாள் லாரித் தண்ணீர், சில நாள் போர் தண்ணீர், சில நாள் மெட்ரோ தண்ணீர். எந்தப் பானைக்கு எந்தத் தண்ணீர் ஊற்றினேன் என்பதை மட்டும் எழுதி வைக்கவில்லை. எட்டு மாதம் இதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். பேச்சுத் துணைக்கு ஒருவர் இருந்திருந்தால் இரண்டாம் மாதமே கேட்டிருப்பார்.

நிஜ மணலைப் பார்த்தால் ஏதாவது பிடிபடும் என்று நினைத்தேன். தெற்கே இருக்கும் தேரிக்காட்டு மணல்மேடுகளுக்குப் போகலாமே என்று சிலர் எழுதுவீர்கள். அது சிவப்பு, அதோடு ஓர் இரவுப் பயணம். எண்ணூர் முகத்துவாரத்தில், ஆறு கடலில் சேரும் இடத்தில், பரந்த மணல்திட்டு இருப்பதாக எங்கோ படித்திருந்தேன். போய்வர ஒருநாள் போதும். கிளம்பினேன்.

ஜனவரிக் கடைசி வியாழக்கிழமை. வேளச்சேரியில் 6.20 பறக்கும் ரயில், கடற்கரை நிலையம் 7.05. வேளச்சேரியிலேயே எண்ணூர்வரை ஒரே டிக்கெட் எடுத்துவிடலாம், பத்து ரூபாய். கடற்கரையிலிருந்து அந்தப் பக்கம் நேர் வண்டிகள் குறைவு. எனக்கு 7.40க்கு ஒன்று கிடைத்தது. தவறவிட்டால் சென்ட்ரலுக்குப் போய் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடிப்பது நல்லது. ராயபுரத்தில் மீன் அன்னக்கூடைகளோடு நான்கு பெண்கள் ஏறினார்கள். கொருக்குப்பேட்டையில் ஒரு சரக்கு வண்டிக்கு வழிவிட்டுப் பதினொரு நிமிடம் நின்றோம். அந்தப் பதினொரு நிமிடமும் அவர்கள் ஒரு மருமகளைப் பற்றிப் பேசினார்கள். திருவொற்றியூரில் அவர்கள் இறங்கியபோது, கதையின் முடிவு தெரியாமல் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. என் மடியில் கட்டம்போட்ட பெரிய நைலான் பைகள் இரண்டு, காலியாக, மடித்தபடி. வழியில் நல்ல துணி கண்ணில் பட்டால் வாங்கலாம் என்று எப்போதும் எடுத்துப் போவேன். இந்தப் பைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணூர் நிலையம் 8.35. முகத்துவாரம் அங்கிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ இருபது ரூபாய் என்றார்கள், ஆனால் அந்த நேரத்துக்கு எதுவும் வரவில்லை. தனி ஆட்டோ எண்பது.

"மீன் வாங்கவாம்மா? ஏலம்லாம் முடிஞ்சிருக்கும் இந்நேரம்" என்றார் ஓட்டுநர்.

"இல்லண்ணா. மணல் பாக்க."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "இன்னாத்துக்கு, வூடு கட்டப் போறியா?"

"சும்மா பாக்கத்தான்."

"சும்மா மணல் பாக்க எம்பது ரூபா குட்த்து வர்ற மொத ஆளு நீதாம்மா. திரும்பி வர வண்டி ஓணுமா? அதுக்கும் எம்பதுதான். மணல் எவ்ளோ பாத்தாலும் அதே ரேட்டு."

வேண்டாம், நடந்து வந்துவிடுவேன் என்றேன். இறங்கும்போது எழுபது போதும் என்று பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்.

மணல் இருந்தது. ஆனால் ஈரமாக, சாம்பல் நிறத்தில், நெத்திலி காயப்போட்ட வலைகளுக்கு நடுவே. எதிர்க்கரையில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். கடலில், துறைமுகத்துக்குள் போக முறைக்குக் காத்திருக்கும் கப்பல்கள், ஒன்று, இரண்டு, ஐந்து. ஒரு கைப்பிடி அள்ளிக் காயவிட்டுப் பார்த்தேன். காய்ந்த பிறகும் சாம்பல்தான். இவ்வளவு தூரம் வந்ததற்கு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். ஓட்டுநரிடம் பேசியதுதான் அந்த வாரத்தில் நான் பேசிய மிக நீண்ட உரையாடல் என்று கணக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடையில் பேசியதைச் சேர்த்தாலும் அதுதான் நீளம்.

9.40க்கு நடக்கத் தொடங்கினேன். பெரிய சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஓரத்துக்குத் தள்ளியதால் உள்தெருக்கள் வழியாக வந்தேன். அப்படி ஒரு தெருவில்தான் அந்தக் கொடி. வீடுகளுக்கு முன்னால், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நைலான் கயிற்றில் துணிகள். சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் சாதாரணமாக இருந்தன. வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய வேட்டி, சட்டை, தலையணை உறை எல்லாம் ஒரே நிறம். நல்ல வெயிலில் உலர்ந்த மணலின் நிறம். லேசான மஞ்சள், அடியில் ஒரு துளி செம்மை, மடிப்புகளில் கொஞ்சம் அடர்த்தி. வெவ்வேறு வீடுகளின் துணிகள், வெவ்வேறு வயதுத் துணிகள், ஆனால் ஒரே தண்ணீரில் ஊறியவை. எட்டு மாதம் நான் காய்ச்சித் தேடியது ஒரு தெரு முழுக்கக் காய்ந்துகொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

"இன்னாம்மா, கொடியையே மொறச்சிகினு கீற?"

பக்கெட்டோடு ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். பெயர் கஸ்தூரி என்று பிறகு தெரிந்தது. நான் தடுமாறி, "அக்கா, பழைய வெள்ளைத் துணி இருந்தா தருவீங்களா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், என் தோளில் தொங்கிய கட்டம்போட்ட பைகளைப் பார்த்தார். முகம் தெளிந்துவிட்டது. "பாத்திரத்துக்கா? பாத்திரம் எங்க காணோம்?"

பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவர்கள் இதே மாதிரிப் பைகளோடுதான் வருவார்கள். புடவைக்குக் குண்டான், பேன்ட்டுக்கு டப்பா. இது முதல் சந்தர்ப்பம். இல்லை அக்கா, நான் வேறு வேலைக்கு என்று ஒரே வரியில் முடிந்திருக்கும். ஆனால் "வேறு என்ன வேலை" என்று அடுத்த கேள்வி வரும். உங்கள் துணி கறைபட்ட நிறம் எனக்கு வேண்டும் என்று சொல்ல வேண்டியிருக்கும். "ஸ்டேஷன் பக்கம் வச்சிருக்கேன். எடுத்துட்டு வரேன்" என்றேன்.

கத்திவாக்கம் கடைத்தெரு அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் இருக்கும். ஷேர் ஆட்டோவில் போய், பிளாஸ்டிக் பக்கெட் இரண்டு, எவர்சில்வர் கிண்ணம் பன்னிரண்டு, மூடி போட்ட சம்படம் நான்கு, வடிகட்டி மூன்று வாங்கினேன். மொத்தம் 2,140 ரூபாய். திரும்பி வந்தபோது மணி பதினொன்று இருபது. கஸ்தூரி அக்கா தெருவுக்கே சொல்லி வைத்திருந்தார்.

"போன வாட்டி வந்த ஆளு ரெண்டு வேட்டிக்கு டபரா குட்த்தாரு. நீ இன்னா இத்துனூண்டு கிண்ணி காட்ற?" என்று ஆரம்பித்தார் பக்கத்து வீட்டு ரமணி. கஸ்தூரி அக்காவைவிடப் பத்து வயது பெரியவர், குரல் அதைவிடப் பெரியது.

"அப்போ சம்படம் எடுத்துக்கோங்க" என்றேன்.

ரமணி சம்படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேரம் பேச வந்தவருக்கு எதிர்ப்பேச்சு இல்லையென்றால் எவ்வளவு சங்கடம் என்று அன்றுதான் பார்த்தேன். "ஏய் கஸ்தூரி, இது புச்சா தொழிலுக்கு வந்துகீதுபா. கேட்டதக் குட்த்துகினே கீது."

"பட்டுப் பொடவ ஒண்ணு கீது. ஜரிகை போட்டது. எடுத்தாரவா?" என்றார் இன்னொருவர்.

"வேணாம்க்கா. வெள்ளை மட்டும் போதும்."

"வெள்ளையா?" கஸ்தூரி அக்கா ஒரு சட்டையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். "இதுவா வெள்ள? இத்தப் போயி எவனும் எடுக்க மாட்டான்மா. போன வாட்டி வந்தவரு பாத்துட்டு, கலீஜா கீதுன்னு அப்டியே வெச்சிட்டாரு. நீ ஏமாந்துராத, ஆமா."

இரண்டாவது சந்தர்ப்பம். என் நட்டத்தைத் தடுக்க முயலும் ஒருவரிடம் உண்மையைச் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். "பரவால்லக்கா, தொடைக்கறதுக்கு கேப்பாங்க. பட்டறைங்களுக்கு" என்று சொன்னேன். பொய் தானாக வந்தது.

ஒரு மணி நேரத்தில் பதினோரு சட்டை, நான்கு வேட்டி, ஆறு தலையணை உறை, இரண்டு உள்பாவாடை சேர்ந்தன. உள்பாவாடை ரமணியுடையது. "கெடக்கட்டும், அதுக்கும் ஒரு வடிகட்டி குடு" என்று வாங்கிக்கொண்டார். நானும் விடாமல் வியாபாரம் செய்தேன். கிழிசலைப் பார்ப்பதுபோலத் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கிழிசலை நான் பார்க்கவே இல்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரம், ஒரு தெருவில் நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நீ யார், ஏன் தனியாக நிற்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. நான்கு சந்தர்ப்பங்களையும் விட்டதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

மற்றவர்கள் போன பிறகு கஸ்தூரி அக்கா வாசல்படியில் உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். 

"கல்யாணம் ஆச்சா?"

"இல்லக்கா."

"வூட்ல யாரு கீறாங்க?"

"யாரும் இல்ல. நான் மட்டுந்தான்." அன்று நான் சொன்னவற்றில் முழு உண்மை இது ஒன்று.

"இப்டி வாரிக் குட்த்துகினு இருந்தா நீ எப்டிப் பொழைப்ப?" உள்ளே போய் ஒரு பள்ளிச் சட்டையைக் கொண்டுவந்தார். "இத்தயும் வெச்சிக்க. பாத்திரம்லாம் வாணாம். நீ நட்டப்பட்டுகினு போறது எனக்கு ஒரு மாரியா கீது."

அவர் மகள் திவ்யாவின் சட்டை. எட்டாவது படிக்கிறாள். ஜூன் மாதம் புதிதாக எடுத்தது. "தீவாளிக்குள்ள இப்டி ஆயிடும்மா. இந்தப் போர் தண்ணில நீலம் போட்டாலும் நிக்காது, இன்னா போட்டாலும் நிக்காது. வெள்ளச் சட்ட எங்கன்னு டீச்சர் அவள வெளிய நிக்க வெக்கறாங்க. தொவைக்காத சட்டன்னு நெனச்சிக்கிறாங்க. நான் ஒரு நாளிக்கு ரெண்டு தபா தொவைக்கிறேன். அழுக்கு போனாத்தான? இது அழுக்கே இல்லியே. நெறம்." 

பாக்கெட்டில் உள்ளங்கை அளவு நீல மைக்கறை. கறைக்குக் கீழே, அதே பாக்கெட்டில், சிவப்பு நூலில் "தி" என்று சின்னதாகத் தைத்திருந்தார், வேறு பிள்ளைகளின் சட்டையோடு மாறிப்போகாமல் இருக்க.

மூன்றாவது சந்தர்ப்பம் அது. இந்த நிறத்தைத்தான் அக்கா நான் எட்டு மாதமாகத் தேடுகிறேன் என்று அங்கே சொல்லியிருக்க வேண்டும். ஒரு பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்தும் நிறத்தை அவள் அம்மாவிடம் எப்படி அழகு என்பது என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் டீ முடிந்துவிட்டது.

நான்காவது, கிளம்பும்போது. "நம்பர் குடு. அடுத்த தபா வர்றதுக்கு முன்னாடி போன் பண்ணு, சேத்து வெக்கறேன்." நம்பரைச் சொன்னேன். அவர் பெயர் கேட்கவில்லை. "பாத்திரம்" என்று பதிவுசெய்துகொண்டதைப் பார்த்தேன். பெயரை நானும் சொல்லவில்லை.

எண்ணூரிலிருந்து 2.25 வண்டி. மழை இல்லாமலே மூடிக்கொண்டிருந்த வானம், தண்டையார்பேட்டை கிடங்குகளின் கூரைகள். இரண்டு பைகளையும் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு, யாரும் மிதித்துவிடாமல் வீடுவரை வந்தேன்.

வேலையைப் பற்றி, துணிக்காரர்களுக்காக. ஏழு குவில்ட்டுகளிலும் கீழ்ப்பகுதியை, அடியிலிருந்து பதினான்கு அங்குலம்வரை, பிரித்தெடுத்தேன். எண்ணூர்த் துணியை வெட்டி அந்த இடம் முழுக்க வைத்தேன். ஒன்றில் முடியும் மணல்கோடு அடுத்ததில் அதே உயரத்தில் தொடங்கும்படி அமைத்தேன். ஏழையும் அருகருகே மாட்டினால் இருபத்தோரு அடிக்கு ஒரே நிலம். துணியைத் துவைக்கவில்லை. எந்தக் கைவேலைக்கும் பழைய துணியை முதலில் துவைக்க வேண்டும் என்பது பாலபாடம். ஆனால் என் வீட்டுத் தண்ணீர் பட்டால் நிறம் மாறிவிடும். வெயிலில் உதறி, இஸ்திரி மட்டும் போட்டேன். மூன்றாவதான கிணற்றில் ஏற்கெனவே இருந்த கறுப்பு வட்டத்தை எடுத்துவிட்டு, திவ்யாவின் பாக்கெட்டை வைத்தேன். மணலுக்கு நடுவே அந்த மைக்கறை ஆழமான கிணற்றின் வாய்போல இருந்தது. "தி"யையும் அப்படியே விட்டேன். நான் செய்ததிலேயே சிறந்த இடம் அது என்று நினைத்தேன். பதினெட்டு நாளில் முடிந்தது. பொறுப்பாளர் மறுபடி செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றி நடந்தார். "இப்ப ஒண்ணு" என்றார்.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். காலையிலேயே போய்விடுங்கள். பதினோரு மணிக்கு மேல் முகத்துவாரத்தில் ஒதுங்க நிழல் இல்லை. குடிநீர் ஒரு லிட்டராவது எடுத்துப் போங்கள். வார் வைத்த செருப்பு நல்லது. துறைமுகம், மின்நிலையம் பக்கம் கேமராவைத் தூக்காதீர்கள். கொடியில் காயும் துணியையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வேளச்சேரியிலிருந்து போய்வர, பாத்திரம் தவிர்த்து, எனக்கு 210 ரூபாய் ஆனது. வெள்ளைத் துணியின் நிறம் தெருவுக்குத் தெரு மாறும், அது பூமிக்கடியில் உள்ள தண்ணீரைப் பொறுத்தது. தெருவின் பெயரை நான் எழுதவில்லை, கேட்டாலும் சொல்ல மாட்டேன். துணி கேட்டுப் போனால், எதற்கு என்று முதல் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லை என்று சொன்னால் திரும்பி வாருங்கள். வெறும் பையோடு வருவது ஒன்றும் பெரிய விஷயமில்லை.

நான் சொன்னது தாமதமாகத்தான். பிப்ரவரியில் கஸ்தூரி அக்கா இரண்டு முறை அழைத்தார். துணி சேர்த்து வைத்திருப்பதாகச் சொன்னார். வருகிறேன் என்றேன், போகவில்லை. காட்சி தொடங்கிய பிறகு, அழைப்பிதழையும் இடத்தின் வரைபடத்தையும் அவருக்கு அனுப்பினேன். "அக்கா, நான் பாத்திரம் விற்பவள் இல்லை. உங்கள் துணி இங்கே இருக்கிறது. வந்து பாருங்கள்" என்று எழுதினேன். எட்டாம் நாள், சனிக்கிழமை, மூன்று மணிக்குத் திவ்யாவோடு வந்தார். விசேஷத்துக்குப் போகும் புடவை, தலையில் பூ.

சுவர் முழுவதையும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாகப் பார்த்தார். "ரமணி பாவாட கூட கீதா?"

"ஆறாவதில, காலடிக்குக் கீழ."

"அவகிட்ட சொல்லிடாத. ஊரையே கூட்டிகினு வந்துருவா." சிரித்தார். பிறகு கிட்டப் போய் முகர்வதுபோல் குனிந்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "தொவைக்கக்கூட இல்லியா நீ?"

"எங்க வீட்டுத் தண்ணில தொவைச்சா இந்த நிறம் மாறிடும்க்கா. இந்த நிறத்துக்காகத்தான் கேட்டேன்."

"இதுக்காகவா?" என்று கேட்டார். ஒரு மடிப்பை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "சொல்லிருந்தா நல்லதாப் பாத்து, இஸ்திரி போட்டுக் குட்த்துருப்பேன். செவுத்துல மாட்டப் போறன்னு எனக்கு எப்டித் தெரியும்?" என்றார். தண்ணீர் குடிக்க வெளியே போனார்.

திவ்யா மூன்றாவதன் முன்னால் நின்றிருந்தாள். நான் பக்கத்தில் போனதும் திரும்பாமலே பேசினாள். "அக்கா, அந்தப் பாக்கெட்ட எடுத்துட்றீங்களா?"

"உன் பேர் யாருக்கும் தெரியாதும்மா. ஒரு எழுத்துதான இருக்கு."

"எனக்குத் தெரியுதே."

அவர்கள் 4.30க்குக் கிளம்பினார்கள். ரயில் நிலையம்வரை உடன் வருகிறேன் என்றேன். வேண்டாம், வழி தெரியும் என்றார் கஸ்தூரி அக்கா.

ஆறு மணிக்குக் கூடம் மூடியதும் மூன்றாவதைக் கீழே இறக்கி, பாக்கெட்டின் நான்கு பக்கத் தையலையும் பிரித்தேன். ஏன் என்று பொறுப்பாளர் கேட்டார். சொன்னேன். அவருக்குச் சம்மதமில்லை, ஆனால் தடுக்கவில்லை. மறுநாள், கடைசி நாள், அது அப்படியே தொங்கியது. திங்கட்கிழமை பாக்கெட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன், கிடைத்ததற்குத் திவ்யாவின் கையெழுத்தோடு அட்டை வந்தது. கஸ்தூரி அக்கா அதன் பிறகு அழைக்கவில்லை. ஏழும் இப்போது என் வீட்டில் இருக்கின்றன. மூன்றாவதில் கிணறு இருந்த இடத்தில், ஐந்து அங்குலத்துக்கு ஐந்து அங்குலம், உள்ளே இருக்கும் பஞ்சு தெரிகிறது.